பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும்

மும்பை மாநகராட்சியில் ஒப்பந்த முறையில் குப்பை அள்ளிய 2,700 பேரை நிரந்தரமாக்கும்படி தொழில் தீர்ப்பாயம் 2014 அக்டோபரில் உத்தரவிட்டது. மாநகராட்சி உயர் நீதிமன்றம் சென்று 2016 டிசம்பரில் தோற்றது. உச்ச நீதிமன்றம் சென்று 2017 ஏப்ரலில் அங்கும் தோற்றது. மிலிந்த் ரானடே முன்னின்று நடத்திய கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கத்துக்குக் கிடைத்த வெற்றி அது. துப்புரவுப் பணியாளர் வழக்குகளில் இவ்வளவு பெரிய வெற்றி அபூர்வம். அதனாலேயே, இத்தகைய வழக்குகளை நம் நீதிமன்றங்கள் அணுகும் முறையின் பலமும் குறையும் இதில் தெளிவாகத் தெரிகின்றன. ஒப்பந்தம் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றை அவை கண்டுபிடித்துவிடுகின்றன. அந்த ஏமாற்றுக்குள் இருக்கும் சாதிப் பாகுபாட்டைத் தீர்ப்பில் எழுதத் தயங்குகின்றன.

காகிதத்தில் முதலாளி ஒப்பந்தக்காரர்தான். ஆனால் தொழிலாளி காலையில் போய் நிற்பது மாநகராட்சியின் சௌக்கியில், அதாவது வருகைப் பதிவு நிலையத்தில். எந்தச் சந்தில் அள்ளுவது, எந்த வண்டியில் ஏறித் தேவ்னார் குப்பைக் கிடங்குக்குப் போவது என்று சொல்பவர் மாநகராட்சியின் மேஸ்திரியான முகாதம். பக்கத்தில் அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பும் வைப்பு நிதியும் உண்டு. இவருக்குக் கையுறைக்குக்கூட உத்தரவாதம் இல்லை. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்போது இருபது பேர் முதல்தான் பொருந்தியது என்பதால், வேலை அதற்கும் குறைவான ஆட்கள் கொண்ட சிறு ஒப்பந்தங்களாகத் துண்டு போடப்பட்டது. தீர்ப்பாயம் காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வேலை வாங்குபவர் யார் என்று பார்த்தது. இந்த நீதி முறையின் உண்மையான பலம் இதுதான்; இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர்வதே பெரும்பாடு. 1996-ல் மும்பையிலிருந்து போன ஏர் இந்தியா துப்புரவாளர் வழக்கில், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலையில் இருப்பவர்கள் தாமாகவே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிடுவார்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஐந்தே ஆண்டுகளில், 2001-ல், இந்திய எஃகு ஆணையத்தின் (செயில்) வழக்கில் அந்தக் கதவை அதுவே சாத்தியது. ஒப்பந்தம் போலி என்று நிரூபித்தால் மட்டும் நுழையலாம் என்று ஒரு சந்து விட்டது. 2006-ல் உமா தேவி தீர்ப்பு வந்தது. விளம்பரம், போட்டி, தேர்வு என்ற முறையில் வராதவர்கள் நிரந்தரம் கோர முடியாது என்பது அதன் சாரம்.

உமா தேவி தீர்ப்பை வெறும் கொடுமை என்று நான் ஒதுக்கமாட்டேன். தொழிலாளர் குடியிருப்பான மாதுங்கா லேபர் கேம்ப்பில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அந்த வேலையில் உரிமை உண்டு. சிபாரிசில் நுழைந்தவர்களை நிரந்தரமாக்கிக்கொண்டே போனால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? கேள்வி நியாயமானது. அது போய் விழுந்த இடம்தான் தவறு. கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தது நிர்வாகம். தண்டனையோ குறைந்த கூலிக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு. மகாராஷ்டிரத்தில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊழியர்களை நிரந்தர உரிமை கிடைக்காதபடி ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பதை முறைகேடு என்று சொல்கிறது. உமா தேவி தீர்ப்பு அந்தச் சட்டத்தைத் தொடாது என்று 2009-ல் அரசுப் போக்குவரத்துக் கழகத் துப்புரவாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் இங்கே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய பெண்களின் வழக்கில், உமா தேவியைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள் என்று அரசுக்கே அது சொல்ல 2024 டிசம்பர் ஆனது.

இனி, வென்ற பிறகு நடந்தது. தீர்ப்பின் பலன் வழக்கின் தொழிலாளர் பட்டியலில் இருந்த பெயர்களுக்கு மட்டும். அந்தப் பெயருக்குரியவர் தான்தான் என்று ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். ஆவணத்தில் பெயரின் எழுத்து மாறியிருந்ததால் ஆண்டுக்கணக்கில் வெளியே நின்றவர்கள் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு இந்தச் சிக்கல் எவ்வளவு நெருக்கமானது என்பது தாராவியில் யாரைக் கேட்டாலும் தெரியும். ஊரில் ‘மா. முருகன்’. இங்கே படிவத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். ரேஷன் அட்டையில் முருகன் மாரிமுத்து, வங்கிக் கணக்கில் மாரிமுத்து முருகன், முகாதம் மராத்தியில் எழுதிய வருகைப் பதிவில் முர்கன். மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில். பதிவேட்டை எழுதியதும் வைத்திருந்ததும் எதிர்த்தரப்பு. ஒப்பந்தமே போலி என்று தீர்ப்பான பிறகும், அந்தப் போலி ஒப்பந்தத்தின் காகிதங்களை வைத்தே தொழிலாளியைச் சோதிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மும்பையில் குப்பை அள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அரசு வேலையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. 2021-ல் ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில், விதி எல்லாருக்கும் ஒன்றுபோல் எழுதப்பட்டிருந்தாலும் அதன் பாரம் ஒரு தரப்பின் மேலேயே இறங்கினால் அதுவும் பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த அளவுகோலைக் குப்பை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒப்பந்தம் போலியா என்று மட்டும் கேட்டால், நிர்வாகம் அடுத்த முறை இன்னும் கவனமாக ஒப்பந்தம் எழுதும். பாகுபாடு என்று தீர்ப்பானால் அந்த முறையே கேள்விக்குள்ளாகும்.

இந்த வித்தியாசத்தைக் காட்டும் தீர்ப்பும் மும்பையிலேயே உண்டு. எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று நீக்கிய தினக்கூலித் தொழிலாளி, பெயர் வெளியிடாமல் வழக்காட உயர் நீதிமன்றம் அனுமதித்தது. வேலை செய்யும் உடல்தகுதி இருக்கிறதா, பிறருக்குக் கணிசமான ஆபத்து உண்டா என்று பார்க்காமல் நீக்கியது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று 1997-ல் தீர்ப்பளித்தது. பெயரே இல்லாத ஒருவரின் வழக்கு அது. அவர் வென்ற கொள்கை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தில் எல்லாருக்குமான உரிமையாக இடம்பெற்றிருக்கிறது.

2025 ஜனவரியில் மேலும் 580 துப்புரவுப் பணியாளர்களுக்காக மும்பை உயர் நீதிமன்றம் மாநகராட்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, ஒரு பிரிவினரின் தூய்மைக்காக இன்னொரு பிரிவினரை அடிமைப்படுத்த முடியாது என்றது. இவ்வளவு தூரம் வந்த நீதிமன்றம் இன்னும் இரண்டு அடி எடுத்து வைக்கலாம். பதிவேடு நிர்வாகத்திடம் இருப்பதால், ஒருவர் வேலை செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் நிர்வாகத்திடமே கொடுக்கலாம். நிரந்தர வேலைக்கு நிரந்தரப் பணியிடம் என்று, ஆளுக்கு அல்லாமல் பணிக்கு உத்தரவிடலாம். லேபர் கேம்ப் பிள்ளைக்கும் அப்போது முறையான வழி திறக்கும். இப்போதைக்கு உத்தரவு 580 பேருக்கு. குடிசைப் பகுதிகளைக் கூட்டுகிறவரைத் ‘தொண்டர்’ என்றும் அவர் கூலியை ‘மதிப்பூதியம்’ என்றும் எழுதிய தத்தக் வஸ்தி போன்ற திட்டங்களில் இருப்பவர்கள், தாங்கள் தொழிலாளிகள் என்று நிரூபிப்பதிலிருந்தே வழக்கைத் தொடங்க வேண்டியிருக்கும்.