காளை எங்கே என்று கேட்கவே தோன்றாது!

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிறுத்த வேண்டும் போலிருக்கிறது எனக்கு! என்ன மாதிரி இடம் தெரியுமா அது! நாயக்கர்கள் கட்டி, மராத்திய மன்னர்கள் குடியிருந்த அரண்மனைக்குள் 1951-இல் தொடங்கிய கலைக்கூடம். தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தி, உரித்த யானைத் தோலை முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தபடி உடம்பை முறுக்கி ஆடுகிறார். கருங்கல்லுக்கு இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

ஆனால் என் உயிரை எடுத்தவர் ரிஷபவாகன தேவர்தான். மூன்றரை அடிச் செப்புத் திருமேனி. ராஜராஜன் காலத்தில், 1011-இல், கோலக்கவன் என்பவர் எழுந்தருளுவித்ததாகத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1950-களின் தொடக்கத்தில்தான் மறுபடி வெளிச்சம் பார்த்தார்.

கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டு, ஒரு கையைத் தொடையில் வைத்து, மறு கையை அப்படியே காற்றில் ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார், சாயங்காலம் வாய்க்கால் மதகில் சாய்ந்து ஊர்க்கதை பேசும் இளவட்டம் போல. சாய்ந்துகொள்ள அங்கே காளை இல்லை, அது எப்போதோ காணாமல் போய்விட்டது, ஆனால் அந்த முழங்கை வளைவையும் தளர்ந்து தொங்கும் விரல்களையும் பார்த்த நொடியில் காளையின் திமில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும், சத்தியமாகத் தெரியும்! சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிச் சுற்றி முடிந்திருக்கிறார், அதற்குள்ளே பாம்பு நெளிகிறது, உதட்டோரத்தில் சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒன்று. இதையெல்லாம் முதலில் மெழுகில் பிடித்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்தக் குழிவுக்குள் உலோகத்தை ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்து எடுத்திருக்கிறார்கள். அச்சு உடைந்தால் உடைந்ததுதான், இன்னொன்று வார்க்க முடியாது! அதை நினைத்ததும் எனக்குக் கை நடுங்கியது, கண் நிறைந்தது, முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் சுற்றிச் சுற்றி வந்தேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் “ஐயா, அந்த விரலைப் பாருங்க, அந்த விரலைப் பாருங்க” என்று சின்னப்பிள்ளை போல் அரற்றினேன், அவரும் குனிந்து பார்த்து “அடேயப்பா!” என்றார். வெயில் கொளுத்திய நாள்தான். யாருக்கு அது உறைத்தது!

அதோடு விட்டார்களா? இரண்டாம் சரபோஜி வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிறார், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்து, தேடித் தேடி நூல் சேர்த்த ராஜா! அவர் வளர்த்த சரஸ்வதி மஹால் அதே அரண்மனை வளாகத்தில்தான் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

ஐயோ, பிட்சாடனரைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லையே! ரிஷபவாகனர் பக்கத்தில் நிற்கும் தேவியைப் பற்றியும்! அதே திருவெண்காட்டு மண் கொடுத்த அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார், எனக்கு அடுத்த பயணம் அங்கேதான். நீங்கள் முதலில் தஞ்சாவூருக்குக் கிளம்புங்கள்!