நல்ல குடும்பம் என்பது சாட்சியமா?

ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய ‘அபாகஸ்: ஸ்மால் எனஃப் டு ஜெயில்’ (2016) ஆவணப்படத்தைப் பார்த்து முடிக்கும்போது சங் குடும்பத்தின்மீது நமக்குப் பாசம் வந்துவிடுகிறது. அந்தப் பாசத்தைச் சற்றே சந்தேகிக்கலாம்.

நியூயார்க்கின் சைனாடவுனில், குடியேறிய சீனர்களுக்காக தாமஸ் சங் 1984இல் தொடங்கிய சிறு வங்கி அபாகஸ். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பெருவங்கிகள் அபராதம் கட்டி ஒதுங்கிக்கொண்டன. வீட்டுக்கடன் மோசடி என்று கிரிமினல் வழக்கு பாய்ந்தது இந்தச் சிறு வங்கியின்மேல்தான். 2012 மே மாதம் அதன் ஊழியர்களைக் கைவிலங்கிட்டு, ஒரே சங்கிலியில் பிணைத்து, பத்திரிகையாளர் முன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடக்கவைத்தார்கள். 2015 ஜூனில் ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் வங்கியை விடுவித்தது.

படம் தாமஸ் சங்கைப் பழைய ஹாலிவுட் படமான ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ நாயகனோடு ஒப்பிட்டே தொடங்குகிறது. ஊருக்காக வாழும் நல்ல மனிதர், அவரைச் சுற்றி மனைவியும் மகள்களும். ஆனால் வங்கியை நடத்துபவர் மகள் ஜில். இன்னொரு மகள் வேரா அதன் இயக்குநர். சாந்தரெல், வழக்குத் தொடுத்த அதே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்து, பிறகு விலகியவர். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, அப்பா சாப்பிட்டாரா என்று கவலைப்படும் பெண்களாக இவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். உழைப்பு மகள்களுடையது, காவியம் அப்பாவுடையது.

வழக்கின் வேர் 2009 டிசம்பரில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கடன் பத்திரம் கையெழுத்தாகும் நேரத்தில், கடன் அலுவலர் செய்த முறைகேடு வேராவின் கண்ணில் பட்டது. அந்த அலுவலரை வங்கி வேலையைவிட்டு நீக்கியது. கண்காணிப்பு அதிகாரிகளிடம் தானே போய்ச் சொன்னது. ‘வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்’ என்று நம் வீடுகளில் அமுக்கப்படும் இடம் அதுதான். படத்தின் நிஜமான திருப்பமும் அதுவே. படமோ அதை வேகமாகக் கடந்து, தந்தையின் பெருமைக்குத் திரும்பிவிடுகிறது.

அரசுத் தரப்பு அடுக்கியவற்றில் ஒன்று, உறவினர் தந்த பணத்தை ‘அன்பளிப்பு’ என்று காட்டிய கடிதங்கள். மொய் நோட்டு எழுதும் நமக்கு அந்தச் சிக்கல் புரியும்: அன்பளிப்பா, கைமாற்றா என்று அந்தப் பணத்துக்கே தெரியாது. ஆனால் ஊழியர்களில் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னவர்கள். வழக்காட வசதியில்லாத அவர்கள் எந்த நெருக்கடியில் அப்படிச் செய்தார்கள்? சங்கிலியில் நடந்தவர்கள் அவர்கள், குடும்பம் அல்ல. அவர்கள் வீட்டு உணவு மேசையைப் படம் காட்டவில்லை.

இதை மயிலாப்பூரில் உட்கார்ந்து பார்க்கையில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் பலர். நூற்றைம்பது வருடப் பெயர்தான் அவர்களுக்கு உத்தரவாதம். முதிர்ந்த வைப்புத்தொகை திரும்பவில்லை என்ற புகார்களில், அதன் நிர்வாக இயக்குநர் 2024 ஆகஸ்டில் கைதானார். அபாகஸில் சட்டம் தவறான வாசலில் தட்டியது. இங்கே முதலீட்டாளர்களுக்கு அது தாமதமாக வந்தது. தி.நகர் நகைச்சீட்டாகட்டும், அடையாறு நிதி நிறுவனமாகட்டும், பெண்களின் சிறுவாட்டுப் பணம் போய்ச் சேர்வது ‘தெரிந்தவங்க, நல்ல குடும்பம்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான்.

அபாகஸைக் காப்பாற்றியது அந்தச் சொல் அல்ல. அதன் கடன்களில் வாராக்கடன் மிகக் குறைவு. அவற்றை வாங்கிய ஃபேனி மே நிறுவனத்துக்கு நட்டமில்லை. கணக்குப் புத்தகம் பேசியது. கையெழுத்தை நிறுத்திய ஒரு மகளும் பேசினார்.

ஆகவே தோழிகளே, இந்தப் படத்தைப் பாருங்கள், குடும்பத்தை ரசியுங்கள். ஆனால் அடுத்த முறை பணம் கட்டப் போகும்போது முதலாளி எந்தக் குடும்பம் என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். கணக்கைக் கேளுங்கள், தவறைக் கண்டால் வாய்திறக்கும் உரிமை அங்கே யாருக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள்.