நேர் பார்த்துக் கட்டினால் வாடை தூக்கும்

தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்கு வருகிற சனம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். கப்பலாகவும் விமானமாகவும் உருவெடுத்த பட்டங்கள் மேலே நின்று வித்தை காட்டும். எனக்கு அதற்கு முந்தைய கிழமைகள்தான் திருவிழா. விறாந்தையெல்லாம் மூங்கில் சீவல், நூல் பந்து, கோதுமை மாப் பசை! பட்டம் ஏற்றுவது பெரிய இன்பம்தான். ஆனால் கட்டுவது அதைவிடப் பெரிது என்று எவரோடும் வாதாட நான் தயார்.

மூங்கில் சிலாகையைத் தெரிவு செய்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு செட்டைகளுக்கும் ஒரே மூங்கிலில் அருகருகே பிளந்த சிலாகைகளையே எடுக்க வேண்டும். அப்போதுதான் கணுக்கள் இரு பக்கமும் ஒரே தூரத்தில் விழும். கணு உள்ள இடம் லேசில் வளையாது. அது ஒரு பக்கம் தள்ளியிருந்தால், காற்று அழுத்தும்போது செட்டைகள் வெவ்வேறு விதமாக வளைந்து பட்டம் சரிந்துவிடும். பிறகு சிலாகையின் நடுவை விரலில் தாங்கிப் பார்ப்போம். தாழ்கிற பக்கத்தை உட்புறமாக மட்டும் மெல்லச் சீவ வேண்டும். வெளித்தோலில் கத்தி படவே கூடாது, மூங்கிலின் பலமே அங்கேதான். சீவிச் சீவி, கடைசியில் சிலாகை விரல்மேல் ஆடாமல் அசையாமல் நிற்கிறதே, அடடா, அந்தச் சுகத்துக்கு ஈடேது!

அடுத்தது நேர் பார்த்தல். நடுச்சிலாகையில் குறுக்குச் சிலாகையை வைத்து முதலில் தளர்வாகத்தான் கட்டுவோம். ஒரே நூலால் மூலைக்கு மூலை அளந்து, கூடக்குறைய இருந்தால் தட்டி நகர்த்தி, எல்லாம் ஒத்துவந்த பிறகே இறுக்குவது. வெளிநாடுகளில் வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறவர்கள் செய்வதும் இதுவேதான். அலுமினியத் தகடுகளைத் தற்காலிகப் பிடிகளால் பொருத்தி, நேர் சரிபார்த்து, அதன் பின்புதான் துளையை முழு அளவுக்குப் பெருப்பித்து ரிவெற் அடிக்கிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்குத் தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருக்கும்.

அப்படி நினைப்பதற்கு நியாயமும் உண்டு. எங்கள் கரையில் பறக்கிற பெட்டிப் பட்டம் 1893இல் அவுஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹார்கிரேவ் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அவர் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடுத்துத் தானே 16 அடி உயரம் எழும்பினார். ரைட் சகோதரர்களும் செட்டையை முறுக்கித் திருப்பும் உத்தியை 1899இல் ஒரு பட்டத்தில்தான் சோதித்தார்கள். ஹார்கிரேவைப் போல ஆளைத் தூக்க இங்கே வாடைக்காற்றுக்கு என்ன பலம் என்று கேட்பவர்கள் 2021 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டம், கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரையே மேலே தூக்கிவிட்டது. நல்லவேளை, உயிர் தப்பினார்.

பட்டம் கட்டும் வேலை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது முச்சை, அதாவது பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கும் நூல்கள். மேல்நூலைக் கொஞ்சம் குறுக்கினால் பட்டத்தின் தலை காற்றுக்குள் சாயும், இழுவை குறையும். பலத்த காற்றுக்கு அதுதான் சரி. நீட்டினால் காற்றை நெஞ்சில் வாங்கி முரட்டுத்தனமாக இழுக்கும். விரற்கடை மாற்றம்தான், ஆனால் பட்டத்தின் குணமே மாறிவிடும்! மரமோ மதிலோ குறுக்கிடாமல் நேரே கடலிலிருந்து வருகிற வாடை எவருக்கும் முகத்தாட்சண்யம் பார்க்காது. முச்சை சரியென்றால் பட்டம் குத்தாமல், சுற்றாமல், நிமிர்ந்து ஏறும். மேலே ஒலிக்காகக் கட்டிய ‘விண்’ என்ற வில்லின் நாடா அதிரத் தொடங்கி அது கூவுகிற கூவல் ஊர் முழுக்கக் கேட்கும்.

தை மாதம் வல்வெட்டித்துறைக்கு வருகிறவர்கள் போட்டி தொடங்குவதற்கு நல்ல நேரம் முந்தியே வாருங்கள். மணலில் குந்தியிருந்து முச்சை திருத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். “அண்ணை, ஏன் இந்த நூலை மட்டும் குறுக்கினீங்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.