அஜைலா வாட்டர்ஃபாலா: தப்பின் செலவு யார் கணக்கில்?

ஐ.டி. திட்ட மேலாண்மை பற்றி இணையத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் வாட்டர்ஃபால்: பழசு, இறுக்கம், கட்டுக் கட்டாக ஆவணம், கடைசியில்தான் வாடிக்கையாளர் பொருளைக் கண்ணால் பார்ப்பார். வலது பக்கம் அஜைல்: புதுசு, நெகிழ்வு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற மென்பொருள், தினமும் காலையில் ஸ்டாண்டப். கடைசிப் பத்தியில் "இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு" என்று முடித்துவிடுவார்கள். எந்த இடம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் குறிப்பு அந்த அட்டவணையைப் பற்றியது. அது தப்பான கேள்வியைக் கேட்கிறது என்பது என் கட்சி. சரியான கேள்வி எது என்று பார்க்க, விருதுநகர் சிவகாசி வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் எல்லோரையும் தொட்ட ஒரு ஐ.டி. திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஜி.எஸ்.டி. இணையதளம். அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

அட்டவணையின் இடது பக்கம்

வாட்டர்ஃபாலின் தந்தை என்று எல்லோரும் கைகாட்டுவது வின்ஸ்டன் ராய்ஸை. 1970ல், பெரிய மென்பொருள் அமைப்புகளை நிர்வகிப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பிரபலமான படிக்கட்டுப் படம் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டுரையில் வாட்டர்ஃபால் என்ற சொல்லே கிடையாது. படத்தைப் போட்ட கையோடு, இப்படியே நேராக இறங்கினால் ஆபத்து, சோதனைக் கட்டத்தில்தான் கோளாறு தெரியும், அப்போது வடிவமைப்பையே திருப்பிப் போட வேண்டி வரும் என்றும் எச்சரிக்கிறார். புதுசாக ஒன்றைச் செய்கிறீர்களா, முதலில் சின்னதாக ஒருமுறை செய்து பாருங்கள், அதன் பிறகு வாடிக்கையாளருக்கு உரியதைச் செய்யுங்கள் என்கிறார். அதாவது, அஜைல்காரர்கள் கும்பிட்டு எதிர்க்கும் ஆசாமியே பாதி அஜைல்காரர்!

வலது பக்கமும் இதே கதைதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. நான்கு மதிப்பீடுகள், 12 கொள்கைகள். திட்டம், ஆவணம், ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு, மற்றவற்றுக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பு தருகிறோம் என்றுதான் அவர்கள் எழுதினார்கள். ஆவணமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தேவைகள் கடைசி நேரத்தில் மாறினாலும் வரவேற்போம் என்று ஒரு கொள்கை இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடைசி நேர மாற்றத்தை யாரால் வரவேற்க முடியும்? மாற்றத்தின் செலவு யாருக்குக் குறைவோ அவரால். செய்த தப்பு சீக்கிரம் தெரியும், மலிவாகத் திருத்தலாம், திருத்துகிறவனே அந்தச் செலவையும் ஏற்பான் என்பது அந்த அறிக்கையில் எழுதாமல் விட்ட அனுமானம்.

சிவகாசியில் வைத்துப் பார்த்தால்

சரி, இதுல பட்டாசு எங்கே வருது? அந்த அனுமானத்தைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

மருந்து கலக்கும் அறையில் 'செஞ்சு பாத்து கத்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி எல்லாம் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் முன்கூட்டியே எழுதி வைத்தவை. உரிமத்தோடு ஆலையின் வரைபடமும் சேர்ந்தே வரும். அந்த விதிகளை மீறும்போது என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மட்டும் ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். இங்கே தப்பைத் திரும்பப் பெற முடியாது. அதன் விலையைக் கொடுப்பது முதலாளி இல்லை, தினக்கூலி.

அதே ஆலையின் இன்னொரு மூலையில் நடப்பது வேறு. ஃபேன்சி ரகத்தில் புதுசாக ஒன்று செய்ய வேண்டுமானால் சின்ன அளவில் மாதிரி செய்து, திறந்த வெளியில் வெடித்துப் பார்த்து, வண்ணம் சரியில்லையென்றால் மாற்றி, மறுபடி வெடித்துப் பார்ப்பார்கள். இங்கே தப்பின் விலை நாலு மாதிரி. ஊரின் இன்னொரு தொழிலான அச்சிலும் அப்படித்தான். காலண்டருக்குப் புரூஃப் நிலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். பிளேட் போட்டு மெஷினில் ஏற்றிய பிறகு ஒரு தேதி தப்பு என்றால் மொத்தக் காகிதமும் போச்சு. யாரும் புத்தகம் படித்து இப்படிப் பிரிக்கவில்லை. எங்கே திரும்ப முடியும், எங்கே முடியாது என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

கடைசி நேர மாற்றத்துக்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று தீர்ப்பளித்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம். பட்டாசுத் தொழிலில் ஒரு தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்கான உற்பத்தி ஆரம்பமாகிவிடும். அந்த வருடச் சரக்கெல்லாம் ஏற்கெனவே குடோனிலும் கடையிலும் இருந்தது. காற்று மாசு பற்றிய தீர்ப்பின் நியாயம் வேறு விவாதம். வருடத்துக்கு ஒரே ஒரு முறை வெளியீடு உள்ள தொழிலில் பத்தாவது மாதம் வருகிற மாற்றத்தை யாரும் வரவேற்க முடியாது என்பது மட்டும் இங்கே போதும்.

ஜி.எஸ்.டி.: இரண்டு கட்சியும் சொந்தம் கொண்டாடும் தோல்வி

இப்போது ஐ.டி.க்கு வருவோம். ஜி.எஸ்.டி. தளத்தைக் கட்டும் ஒப்பந்தம் 2015ல், சுமார் 1,380 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸுக்குப் போனது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 2017 ஏப்ரல் 12. தொடக்கம் ஜூலை 1. நடுவில் 80 நாள். எதை மென்பொருளாக்க வேண்டுமோ அந்த விதிகளே ஜூன் மாதம்கூட அறிவிக்கையாக வந்துகொண்டிருந்தன.

வடிவமைப்பு பிரம்மாண்டம். விற்பனையாளர் மாதாமாதம் 10ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1. வாங்கியவர் 15க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-2. இரண்டையும் தளம் பில் பில்லாகப் பொருத்திப் பார்த்து, 20க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3. ஆண்டுக் கணக்கையும் சேர்த்தால் வருடத்துக்கு 37 படிவம். நாடு முழுக்க, பெரிய நிறுவனத்துக்கும் விருதுநகர் பருப்பு வத்தல் வியாபாரிக்கும் ஒரே நாளில்.

அது ஓடவில்லை. ஓடாது என்று தெரிந்தபோது ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்று ஒரு சுருக்கப் படிவத்தைத் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவந்தார்கள். கெடுக்கள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போயின. 2017 நவம்பர் 10, குவாஹாத்தி ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டத்தில் 2ஆம் படிவமும் 3ஆம் படிவமும் நிறுத்தி வைக்கப்பட்டன. அவை திரும்பி வரவே இல்லை. தற்காலிகமாக வந்த 3பி இன்றைக்கும் மாதாமாதம் தாக்கலாகிறது. பட்டாசுக்கு 28 சதவீத வரி 18 ஆனதும் அதே கூட்டத்தில்தான். ஆனால் அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 18. சீசன் முடிந்த பிறகு வந்த திருத்தம்.

அஜைல்காரர்கள் இதைப் பார்த்து, 'பாத்தீங்களா, எல்லாத்தையும் முன்கூட்டியே வடிவமைச்சா இப்படித்தான்' என்பார்கள். மரபுக் கட்சிக்காரர்கள், 'தேவைகளையே உறுதி செய்யாம ஆரம்பிச்சா இப்படித்தான்' என்பார்கள். இரண்டுமே உண்மை, இரண்டுமே போதாது. தேதி அசையாது, எல்லை அசையாது, தேவை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் வளைய வேண்டியது யாராவது ஒருத்தர். வளைந்தது பயன்படுத்தியவர். சட்டப்படி தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய். முதல் மூன்று மாதத்துக்கு அதைத் தள்ளுபடி செய்து, பிறகு 50 ஆக, வரி இல்லாதவர்களுக்கு 20 ஆகக் குறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் ராத்திரி பதினோரு மணிக்குத் தளம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பையனின் நேரத்தை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

'அப்போ 3பி ஜெயிச்சது அஜைலோட ஜெயம்தானே' என்று கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல். சுருக்கும்போது வெட்டப்பட்டது எது? பில் பொருத்தும் பகுதி. அதாவது மொத்த அமைப்பின் காவல்காரன். பில் பொருத்தம் இல்லாமல் அமைப்பு ஓடுகிறது, போலி உள்ளீட்டு வரிக் கழிவுக்கு வழி திறந்திருக்கிறது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019 அறிக்கையில் குறை சொன்னார். குறைந்தபட்சமாக எதை முதலில் கொடுப்பது என்பது அஜைலில் பெரிய பாடம். எதை விட்டுவிடலாம் என்பதை அவசரத்தில் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

வரிசைதான் விஷயம்

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. சரக்கு லாரிகளுக்கான இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுக்கத் தொடங்கியது. அன்றைக்கே தளம் படுத்துவிட்டது, அன்றைக்கே தள்ளி வைத்தார்கள். இரண்டாவது முறை ஏப்ரல் 1 அன்று மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும். ஏப்ரல் 15 முதல் மாநிலத்துக்குள் போகும் சரக்குக்கு, சில சில மாநிலங்களாக. தமிழ்நாட்டின் முறை வந்தது ஜூன் 2. சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போகும் லோடுக்கு பில் போட வேண்டிய நேரத்தில் தளம் இரண்டு மாதம் ஓடிப் பழகியிருந்தது.

இ-இன்வாய்ஸ் இன்னும் தெளிவு. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் தாண்டியவர்களுக்கு மட்டும். 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50, 2022ல் 20, பிறகு 10, 2023 ஆகஸ்டில் 5 கோடி. பெரியவர்களிடம் சொந்த மென்பொருள் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு வாரக் கோளாறைத் தாங்குவார்கள். அவர்களிடம் தப்பு செய்து, திருத்தி, பிறகு சின்னவர்களிடம் வந்தார்கள். இதில் எத்தனை ஸ்பிரிண்ட், எத்தனை ஸ்டாண்டப் என்பது எனக்கு முக்கியமில்லை. தப்பைத் தாங்கக்கூடியவரிடம் முதலில் போனார்கள். 2017க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

பேரி போயமும் ரிச்சர்ட் டர்னரும் 2003ல் எழுதிய புத்தகம் இந்த இடத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. திட்டத்தின் அளவு, பிழையின் கடுமை, மாற்றத்தின் வேகம், ஆட்களின் திறமை, நிறுவனப் பண்பாடு என்று ஐந்து அச்சில் வைத்து முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு பத்தி அட்டவணையைவிட நூறு மடங்கு மேல். ஆனால் கடுமை என்ற அச்சு, பிழையால் போவது வசதியா, பணமா, உயிரா என்று கேட்கிறது. யாருடைய பணம், யாருடைய உயிர் என்று கேட்பதில்லை. சிவகாசியில் நின்று படித்தால் அந்த ஓட்டை உடனே கண்ணில் படும்.

நம் ஐ.டி. சேவை நிறுவனங்களில் அஜைல் என்ற பெயரில் நடப்பதையும் இதை வைத்தே அளக்கலாம். விலை, தேதி, எல்லை மூன்றையும் கையெழுத்துப் போடும்போதே இறுக்கிவிட்டு, உள்ளே மட்டும் இரண்டு வார ஸ்பிரிண்ட் ஓட்டுகிறார்கள். வாடிக்கையாளருக்கு மாற்றம் இலவசம், நிறுவனத்துக்குத் தேதி பத்திரம். நடுவில் சனி ஞாயிறு போவது மெப்கோவிலும் கலசலிங்கத்திலும் படித்துவிட்டு சென்னை போன பையனுக்கும் பெண்ணுக்கும். தப்பின் செலவு மறுபடியும் அதை முடிவு செய்யாதவர் கணக்கில்.

அதனால் யாராவது திட்டத்தைக் கொண்டுவந்து இது அஜைல், இது மரபு முறை என்று சொன்னால் நான் கேட்பது மூன்றே கேள்வி. இதில் எந்தப் படியைத் திரும்பப் பெற முடியாது? தப்பு நடந்தால் யார் பணம், யார் நேரம் போகும்? தப்பு நடந்த சேதி, அதைத் திருத்தக்கூடியவர் காதுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் முறைக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி. பதில் இல்லாத திட்டம், சுவரில் எத்தனை வண்ணச் சீட்டு ஒட்டினாலும், மருந்து அறையில் மாதிரி வெடித்துப் பார்க்கிற கதைதான்.