டிசம்பர் 25: ஒரு தினசரித் தாளை வாசித்தல்

சேரியில் அதிகம் பேர் வாசிக்கிற பிரதி எது என்று கேட்டால் நான் அம்பேத்கர் நூல் தொகுதிகளையோ பைபிளையோ சொல்லமாட்டேன். சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிற தினசரி காலண்டர்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா அதை வாசித்தாள். தாள் சிவப்பாக இருந்தால் லீவு நாள். கரித்துண்டால் கோடு கிழித்திருந்தால் தண்டல்காரன் வருகிற நாள். மூலை மடிந்திருந்தால் மாட்டைச் சினைக்கு விட்ட நாள். அடகுக்கடையில் ஓசியாகக் கொடுத்த காலண்டரில் அதே அடகுக்கடைக்கு வட்டி கட்டும் நாளைக் குறித்து வைத்திருந்தாள். எம்.ஏ. தமிழில் பெரும்பொழுது ஆறையும் பிழையில்லாமல் எழுதி மார்க் வாங்கிய எனக்கு, வீட்டுச் சுவரில் தொங்கின பொழுதை ஒரு பிரதியாக வைத்துப் பேசலாம் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் பல வீடுகளில் ரெண்டு காலண்டர். 1960 ஏப்ரல் வரை இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றத்தில் திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தோம். ராஜ்ஜியம் மாறினாலும் காலண்டர் மாறவில்லை. தெலுங்கு பேசுகிற வீட்டில் சந்திரனைப் பார்த்து யுகாதி, தமிழ் பேசுகிற வீட்டில் சூரியனைப் பார்த்து சித்திரை ஒண்ணு. ரெண்டும் பேசுகிற சேரியில் ரெண்டும் தொங்கும். வருசம் எப்போது பிறக்கிறது என்பதிலேயே ஒத்துப்போகாத இந்த ரெண்டு காலண்டர்களும் ஒரு விசயத்தில் ஒத்துப்போகின்றன. தெலுங்குக் காலண்டரில் ஜூலை 17ஐப் பாருங்கள், காரம்சேடு (1985) இருக்காது. ஆகஸ்ட் 6ஐப் பாருங்கள், சுண்டூர் (1991) இருக்காது. தமிழ்க் காலண்டரில் ஜூன் 30ல் மேலவளவும் (1997) ஜூலை 23ல் தாமிரபரணியும் (1999) இருக்காது. அந்த நாட்களுக்கும் சூலம் உண்டு, பரிகாரம் உண்டு. சந்திராஷ்டமம் யாருக்கு என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 25, புதன்கிழமை. குரோதி வருடம் மார்கழி 10, தேய்பிறை தசமி. ராகுகாலம் 12 முதல் 1.30 வரை. எமகண்டம் காலை 7.30 முதல் 9 வரை. குளிகை 10.30 முதல் 12 வரை. சூலம் வடக்கு, பரிகாரம் பால். கிறிஸ்துமஸ், அதனால் தாள் சிவப்பு. கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். நாளிதழ்களில் வருகிற 'வரலாற்றில் இன்று' பத்தியில் என்னென்ன வரும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். மாளவியா பிறந்தது 1861ல், வாஜ்பாய் பிறந்தது 1924ல், ராஜாஜி இறந்தது 1972ல். 2014லிருந்து ஒன்றிய அரசு இந்த நாளை நல்லாட்சி தினம் என்றும் ஆக்கிவிட்டது.

1968 டிசம்பர் 25ம் புதன்கிழமைதான். ராகுகாலத்தைக் கிழமைதான் தீர்மானிக்கிறது. ஆகவே அன்றைக்கும் 12 முதல் 1.30. சூலம் அன்றைக்கும் வடக்கு. வருடத்தின் பெயர்தான் வேறு, கீலகம். அன்று நம் கடிகாரப்படி முற்பகலில், நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ 8 மூன்று மனிதர்களோடு பூமிக்குத் திரும்பப் புறப்பட்டது. எந்தச் சந்திரனை வைத்து இங்கே திதி கணித்தார்களோ அந்தச் சந்திரனிலிருந்து. அன்று ராத்திரிதான் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி நெல் உயர்த்திக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கியவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு மிராசுதார்களுக்குக் கொடுத்த பத்து வருசத் தண்டனையை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அவ்வளவு வசதியானவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ராகுகாலக் கட்டம் பகலோடு முடிந்துவிடுகிறது. அந்த ராத்திரி எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது.

இதற்கு 41 வருசம் முன்னால், 1927ல் இதே டிசம்பர் 25ன் ராத்திரி, மகாராஷ்டிரத்தின் மகாட்டில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார் அம்பேத்கர். தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே ஒரு பிராமணர். மாநாட்டுக்கு வேறு யாரும் இடம் தராதபோது இடம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம். ரெண்டு தீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது, நானும் பேசியிருக்கிறேன். அதைத் திரும்பச் சொல்வது என் நோக்கமில்லை. ரெண்டு தீக்கும் ஒரு தாளில் ஏன் இடமில்லை என்பதுதான் கேள்வி. மறந்துவிட்டார்கள், மறைத்துவிட்டார்கள் என்ற பதில் எனக்குப் போதவில்லை. அச்சகக்காரர் யாரும் உட்கார்ந்து சதி செய்து வெண்மணியை அடித்துவிடுவதில்லை. சிவகாசியில் ஒவ்வொரு வருசமும் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் அடிக்கிற சரக்கு அது. நகைக்கடையும் அரிசி மண்டியும் ஒரே தாளின் மேல்தான் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கின்றன. யாருக்கும் சங்கடமில்லாததுதான் அதில் நிற்கும்.

அதையும் தாண்டி, பஞ்சாங்கம் என்ற வடிவத்திலேயே ஒரு காரியம் இருக்கிறது. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற அதன் அஞ்சு உறுப்பில் ஒன்றுக்கும் ஆண்டு கிடையாது. எல்லாம் திரும்பித் திரும்பி வரும். வருசத்துக்கும் பெயர்தான், அறுபது முடிந்தால் மறுபடி பிரபவ. எங்கள் பாட்டன் பிறந்தது விக்ருதி வருசம் என்பார்கள். எந்த விக்ருதி என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. செத்தவருக்குத் திதி கொடுக்கலாம். கொல்லப்பட்டவருக்குத் திதி போதாது, தேதி வேண்டும். தேதி இருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். இருக்கும், சாட்சி இருக்கும், கூண்டில் நிற்க ஆள் இருக்கும். வட்டமாகச் சுற்றுகிற காலத்தில் குற்றவாளி கிடையாது, கெட்ட நேரம்தான் உண்டு. பஞ்சாங்கத்தின் மேல் என் விமர்சனம் இதுதான். அதன் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்வது சுலபம், பகுத்தறிவு மேடைகள் அதைச் செய்து முடித்துவிட்டன. கிண்டலைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் ராகுகாலம் பார்த்தவர்களையும் எனக்குத் தெரியும்.

கணக்காகப் பார்த்தாலும் தாள் தப்புதான். இந்திய அரசு 1952ல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர் மேகநாத் சாகா. மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட அனுபவம் உள்ள விஞ்ஞானி. இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து நம் பஞ்சாங்க வருடப்பிறப்பு 23 நாள் தள்ளிப்போய்விட்டது என்று அந்தக் குழு 1955 அறிக்கையில் காட்டியது. உத்தராயணமும் அப்படித்தான். வானத்தில் சூரியன் டிசம்பர் 22 வாக்கிலேயே வடக்கே திரும்பிவிடுகிறது. தாள் தை ஒண்ணு வரை தட்சிணாயணம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டிசம்பர் 25 அன்று சூரியனும் தாளும் ஆளுக்கொரு திசையில். குழு பரிந்துரைத்த சக நாட்காட்டி 1957 மார்ச் 22ல் அமலுக்கு வந்தது. அரசிதழில் இருக்கிறது, எந்தச் சேரிச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

இதனால் பஞ்சாங்கம் முழுக்க அவர்களுடையது, நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நாள் பார்த்துச் சொன்ன வள்ளுவர்கள் நம்மிடமும் இருந்தார்கள், இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி வரிசையில் அவர்கள் பெயர் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கு நாள் குறித்தவன் ஊரில் இருந்தான் என்றால் அந்த நாளைத் தெருத்தெருவாகப் பறையடித்துச் சொன்னவன் சேரியில் இருந்தான். காலத்தைச் சொல்லும் வேலை நமது, காலம் நமதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் தொடங்கிய பத்திரிகையில் இந்த இடத்தில்தான் கை வைத்தார். போகியையும் தீபாவளியையும் தூக்கியெறியாமல், அவை பௌத்தர்களின் நாட்கள், பிறகு பறிபோனவை என்று விளக்கினார். அவருடைய ஒவ்வொரு விளக்கமும் வரலாற்றுச் சான்றுக்கு நிற்குமா என்பது வேறு விவாதம். பண்டிகையை வாசிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று உட்கார்ந்தாரே, அது எனக்கு முக்கியம்.

அந்த உரிமையில் ஒரு சின்ன வாசிப்பு. தாளில் எல்லோரும் முதலில் தேடுவது ராகுகாலத்தை. அது பஞ்சாங்கத்தின் அஞ்சு உறுப்பில் ஒன்றுகூட இல்லை, பகலை எட்டாக வெட்டி ஒரு துண்டை ஒதுக்குவது, அவ்வளவுதான். ராகு யார்? அமுதம் பரிமாறும்போது தேவர்கள் வரிசையில் போய் உட்கார்ந்தவன். பந்தியில் உட்கார்ந்ததற்காகத் தலை வெட்டப்பட்டவன். அவனுக்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரத்தில் நல்லது எதுவும் செய்யக்கூடாது. புராணம் படித்த நண்பர்கள் சண்டைக்கு வரலாம். எங்க ஊர்க் கல்யாணப் பந்திகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது.

நம் பக்கத்துத் தாள்களையும் விடக்கூடாது. மார்க்சிஸ்ட் தோழர்கள் டிசம்பர் 25ஐ ஒவ்வொரு வருசமும் வெண்மணித் தியாகிகள் தினமாக நடத்துகிறார்கள். அவர்கள் மட்டும் அந்தத் தேதியைப் பிடித்து வைத்திருக்காவிட்டால் இன்று அது நம் கையில் இருந்திருக்காது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 'தியாகி' என்ற சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு. தியாகம் தெரிந்து கொடுப்பது. குடிசைக்குள் அம்மா இடுப்பில் இருந்த பிள்ளை எதைத் தியாகம் செய்தது? கூலிப் போராட்டத்தில் நின்ற பெரியவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். மொத்தமாக 44 பேருக்கும் போட்டால், அவர்கள் சேரியில் பிறந்ததும் சாவுக்குக் காரணம் என்பது சொல்லுக்கு அடியில் போய்விடுகிறது. விவசாயக் கூலிகள் என்று சொல்லி முடித்துக்கொள்வதை 1990களில் நம் எழுத்தாளர்கள் கேள்வி கேட்டது இதனால்தான்.

அம்பேத்கர் படம் போட்ட இயக்கக் காலண்டர்களும் இருக்கின்றன. அவற்றில் தேதிகள் வந்துவிட்டன. ஏப்ரல் 14, செப்டம்பர் 11, டிசம்பர் 6. ஆனால் பெரும்பாலும் தலைவர் பிறந்தார், தலைவர் மறைந்தார். பெண்கள் பெயரைத் தேடவேண்டும். கூடவே ராகுகாலமும். இதில் எனக்கும் பங்குண்டு. எங்கள் பகுதிச் சங்கத்துக்கு மாதக் காலண்டர் போட்டபோது பிழை திருத்தியவன் நான்தான். ராகுகாலம், எமகண்டம் வேண்டாம் என்று கத்தினேன். "அது இல்லன்னா எவன் தம்பி மாட்டுவான்? பொம்பளைங்க தூக்கி அடுப்புல போட்டுருவாங்க" என்றார் ஒரு பெரியவர். கூட்டத்தில் இருந்த ஒரு அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். "கம்பெனி வேன் ஆறு மணிக்கு வருது. நான் எங்க ராகுகாலம் பாக்கறேன்? பாக்கறது எல்லாம் ஆம்பளைங்கதான், பைனான்ஸ்ல பணம் வாங்கப் போறப்போ." யார் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே பாதி ராத்திரி வரை பேசினோம். ஒட்டுக்குப் பிறகு ராகுகாலம் நின்றது.

டிசம்பர் தாள் வந்தபோது அதே பெரியவர், "வெண்மணின்னு ஒரு வார்த்த போட்டா ஊரு பேருதான தெரியும்? ஆளுங்க பேர போடு" என்றார். 44 பெயர். ஒரு தேதிக் கட்டத்தில் ராகுகாலத்துக்கும் திதிக்கும் இடையே நாலு சொல்தான் பிடிக்கும். பின்பக்கம் அடிக்கக் காசில்லை. கடைசியில் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் எமகண்ட வரிசையையும் குளிகை வரிசையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில், தாளின் அடி முழுக்க, பெயர்களைப் பொடி எழுத்தில் ஓட்டினோம். அடுத்த டிசம்பரில் ரெண்டு பேர் காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள், எமகண்டம் இல்லையென்று. ஒருவர் என் வீட்டுக்கே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் இருக்கிற பெயரெல்லாம் யார் என்று கேட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். பாதியில், "இதுல ஒரே வூட்டுக்காரங்க எத்தன பேரு?" என்றார். எண்ணிப் பார்க்க உட்கார்ந்தோம்.