கூதிரின் நிறங்கள்: யாழ்ப்பாண நிலக்காட்சி நிழற்படம் பற்றிய ஒரு நோக்கு

'இலையுதிர்காலம்' என்னும் தொடர் இன்று தமிழ் வாசகர் எவருக்கும் அந்நியமானதன்று. முதுமைக்கும் பிரிவுக்கும் உரிய குறியீடாக அது கவிதையில் நிலைபெற்றுவிட்டது. எனினும், கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என மரபு வகுத்த பெரும்பொழுது ஆறனுள் இலை உதிர்வதைக் கொண்டு பெயர்பெற்றது ஒன்றேனும் இல்லை. மேனாட்டு இலையுதிர்காலத்தோடு ஏறக்குறைய ஒத்துவருவது ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர். யாழ்ப்பாணத்தில் அது வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த காலம். வேலியும் வயலும் துளிர்க்கும் காலம். இவ்வேறுபாட்டை உணராத கண்ணோடு யாழ்ப்பாண நிலக்காட்சியைப் படம்பிடிக்க முற்படும்போது எது தவறிப்போகின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வடபுல நாடுகளில் இலைகள் சிவப்பதற்குக் காரணம் வெளிப்படையானது. பகற்பொழுது குறுகக் குறுக இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. குளிர்ந்த இரவும் வெயிலுள்ள பகலும் அமைந்தால் செந்நிறம் புதிதாக உண்டாகின்றது. ரொறன்ரோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஆறு மணிநேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணிநேரத்தைச் சற்றே கடக்கும். 1983இன் பின் பெருந்தொகையாகக் கனடா சென்ற யாழ்ப்பாணத்தார், மேப்பிள் மரங்களின் முன் நின்று எடுத்து ஊருக்கு அனுப்பும் படங்களில் அந்த நிலத்தின் இயல்பு பொருத்தமாகவே பதிவாகின்றது. அவற்றிற் குறைகாண்பதற்கு ஒன்றுமில்லை. குறை, அப்படங்கள் பழக்கிய சுவை ஊருக்குத் திரும்பி வரும்போது தொடங்குகின்றது.

அச்சுவை நிறத்தைத் தொலைவிலும் பரப்பிலும் தேடுகின்றது. நிலம் அதனைத் தராதவிடத்து வானத்திடம் கேட்கின்றது. செக்கர் வானத்தின் முன் கரிய பனை நிற்கும் படம் எத்தனை முறை எடுக்கப்பட்டுவிட்டது! கைத்தொலைபேசிக் கமரா செம்மையை மேலும் கூட்டித் தருவதால் கோண்டாவிலின் மாலையும் வேறெந்த வெப்பநாட்டு மாலையும் ஒன்றாகிவிடுகின்றன. இத்தகைய படங்கள் பெரும்பாலும் மழையற்ற மாதங்களுக்குரியவை; முகில் மூடிய கூதிர் அவற்றுள் இடம்பெறுவது அரிது. கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ற் (1900–1944) கறுப்பு வெள்ளையிலேயே ஒளியின் நுண்ணிய படிநிலைகளைக் காட்டியதை நோக்கின், நிறம் மிகுவதால் மட்டும் படம் சிறப்பதில்லை என்பது புலனாகும்.

கூதிரை அண்மையில் நின்று நோக்கிய கண் தமிழுக்குப் புதிதன்று. நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. அதில் மழையில் நனைந்த புதரில் வெண்ணிற முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கம்பூவும் அருகருகே மலர்கின்றன. கோவலர் இடம்பெயர்ந்து குளிரில் தீக்காய்கின்றனர். மனைப்புறாக்கள் இரவு பகல் அறியாது மயங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கின்றது. ஒவ்வொன்றும் எட்டித் தொடக்கூடிய தூரத்தில் இருப்பது. ஒவ்வொன்றிலும் மனித வாழ்வு பருவத்தால் மாறியமை தெரிகின்றது. பீர்க்கின் மஞ்சள் அழகாய் இருப்பதாலன்றி, அந்த ஈரத்தினுள் இருப்பதாலேயே நினைவில் நிற்கின்றது.

யாழ்ப்பாணத்தில் இவ்வகை நோக்குக்குரிய இடம் வேலி. கோடையில் வெறுங்கொம்பாய் நின்ற கிளுவை மழையோடு தழைக்கின்றது. பூவரசம்பூ மஞ்சளாய் மலர்ந்து மறுநாளுக்குள் ஊதாச் சிவப்பாகி வாடுகின்றது. நிலத்துள் உறங்கிய கிழங்கிலிருந்து முளைத்த கார்த்திகைப்பூக் கொடி, தன் இலைநுனியையே சுருட்டி வேலியைப் பற்றி ஏறுகின்றது. அதன் இதழ்கள் பச்சையாய்த் தொடங்கி மஞ்சளாகிப் பின் செந்நிறமாகின்றன. மேனாட்டார் இலையிற் காணும் நிறமாற்றம் முழுவதும் இங்கு ஒரு பூவில் நிகழ்கின்றது எனலாம். சங்கப் பாடல்களின் காந்தள் இதுவே. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியர் பெரும்பொழுதாக வகுத்தார். மலையே இல்லாத தீபகற்பத்தில் குறிஞ்சிப்பூ தன் பொழுது தவறாது பூப்பது திணைமயக்கத்திற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

முதற்பொருளும் கருப்பொருளும் படத்தில் எளிதில் அமைந்துவிடும், உரிப்பொருளே கடினம். யாழ்ப்பாணத்துக் கூதிருக்கு இன்று உரிய பொருள் எது? 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், ஐப்பசி மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். கார்த்திகைப்பூவோ விடுதலைப் புலிகளால் தேசியப் பூவாகக் கொள்ளப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரும் மாண்டோரை நினைவுகூரும் மாதத்தோடு அது பிணைந்தே உள்ளது. எனவே இங்கு ஒரு பூவைப் படம்பிடிப்பவர் வெறும் நிறத்தைப் பதிவுசெய்வதாகக் கூறித் தப்பிவிட முடியாது. பூவை மட்டும் வெட்டியெடுத்து, பின்னணியை மங்கலாக்கி, ஒளியேற்றிக் காட்டும் படங்கள் அத்தகைய தப்பித்தலே. அதே பூவைச் சின்னமாக மட்டும் காட்டும் படமும் ஈரத்தையும் வேலியையும் இழந்துவிடுகின்றது என்பதையும் கூறவேண்டும்.

வேலிகளும் அருகி வருகின்றன. கிளுவையும் பூவரசும் நின்றவிடங்களிற் சீமெந்து மதில்கள் எழுகின்றன. கொடி பற்றுவதற்கு அங்கு எதுவுமில்லை. பாதி மதிலும் பாதி வேலியுமாய் நிற்கும் ஒழுங்கைகள் இன்னும் சில உள்ளன. அவற்றைக் கூதிரில், முகில் மூடிய ஒளியில், எந்த ஊர், எந்த ஒழுங்கை, எந்த ஆண்டு என்னும் குறிப்போடு எடுத்துவைக்கும் பணி நிழற்படக்காரருக்கு எஞ்சியுள்ளது.