கூலியில்லாத பத்து நாள்

விபாசனா முகாமுக்குக் கட்டணம் கிடையாது. பர்மாவில் பிறந்து, 1969இல் இந்தியா வந்து வகுப்பு தொடங்கிய கோயங்காவின் ஏற்பாடு அது. முன்பு பத்து நாள் முடித்தவர்கள் தரும் தானத்தில் அடுத்தவர் சாப்பிடுகிறார். பரிமாறுகிற சேவகருக்கும் சம்பளமில்லை, நடத்துகிற உதவி ஆசிரியருக்கும் இல்லை. இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஒரு முகாமில் சேவகனாய்க் காய் நறுக்கினேன். நீ என்ன ஆளுன்னு ஒருத்தரும் கேட்கல. நம்ம சனத்துக்கு அது சின்ன விஷயமா?

ஆனால் சேவகராகவே முதலில் பத்து நாள் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டும். ஆசிரியர் இருக்கை வரை போக மேலும் பல முகாம்கள், இருபது நாள், முப்பது நாள். என் சித்தப்பா கொத்து வேலை. அவரைக் கூப்பிட்டேன். சித்தி கேட்டது: "கண்ண மூடி உக்கார காசு வேணாம், சரி. பத்து நாள் இங்க உலை வைக்கிறது யாருப்பா?"

சாதி கேட்காத இடம் ஓய்வைக் கேட்கிறது. ஓய்வை யாருக்கு யார் பங்கு வைத்தார்கள்?

'புத்தரும் அவர் தம்மமும்' (1957) முன்னுரையில், பிக்கு முழுமையடைந்த மனிதனா, மக்களுக்கு உழைக்கும் தொண்டனா என்று கேட்டார் அம்பேத்கர். தொண்டனிடம்தான் அவருக்கு நம்பிக்கை. அந்தத் தொண்டன் தினக்கூலியாக இருந்தால்? தானத்தில் ஒரு பங்கு, அவன் உட்காரும் நாட்களுக்கு அவன் வீட்டு அரிசிக்குப் போகட்டும். அதன்பிறகு வந்து சித்தப்பாவைக் கூப்பிடுகிறேன்.